இறகு பிடுங்கும் மெஷினைப் பராமரிப்பது எப்படி: சிறு பண்ணைக்காரர்களுக்கு

பர்மாவில் பெகு, தாட்டன், மோல்மேன் பக்கம் வீட்டோடு நூறு இருநூறு கோழி வளர்ப்பவர்கள் வாங்கும் மெஷின் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். எவர்சில்வர் டிரம், உள்ளே ரப்பர் விரல்கள், அடியில் சுழலும் தட்டு, பக்கத்தில் ஒரு மோட்டார், நடுவில் பெல்ட். எல்லையைத் தாண்டி வரும் சீனச் சரக்கு. விற்கிறவர் ஓட்டிக் காட்டுவார். பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கூட வரும் கையேடு சீனத்தில் இருக்கும்.

இந்த மெஷின் ஓடி ஓடிக் கெடுவது குறைவு. கடைசிக் கோழியை எடுத்த பிறகு, "நாளைக் காலையில் கழுவிக்கொள்ளலாம்" என்று விட்டுப் போகும் ராத்திரிகளில்தான் கெடுகிறது. ரத்தமும் கொழுப்பும் ரப்பரில் ஊறுகின்றன. ஈர இறகு அச்சில் சுற்றி இறுகுகிறது. பேரிங்குக்குள் போன தண்ணீர் அங்கேயே நிற்கிறது. ஆகவே வேலை முடிந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறோம்.

வாங்கிய அன்றே அளந்து எழுதுங்கள்

மெஷின் புதிதாக இருக்கும்போது அளப்பது சுலபம். இரண்டு வருடம் கழித்து பெல்ட் எண் தேய்ந்துபோய், விரல் பாதி அறுந்து நிற்கும்போது எதையும் அளக்க முடியாது. ஒரு நோட்டில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண், பேரிங் வீட்டில் (பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டில்) பொறித்த எண், மோட்டார் எழ உதவும் கண்டென்சரின் மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட்டும், டிரம்மிலும் தட்டிலும் தனித்தனியாக எத்தனை விரல்கள், விரல் மாட்டும் ஓட்டையின் விட்டம், தகட்டின் கனம், தட்டின் விளிம்புக்கும் டிரம் சுவருக்கும் உள்ள இடைவெளி.

கடைசி அளவு முக்கியம். இறகு அந்த வழியாகத்தான் கீழே இறங்குகிறது. பல டிரம்களில் அது முக்கால் அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஒரு பக்கம் அரை அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று பின்னாளில் வந்தால் தட்டு நடுவிலிருந்து நகர்ந்துவிட்டது என்று பொருள். அகலமான பக்கத்தில் கோழியின் கால் சிக்கும். ஒடுங்கிய பக்கத்தில் இறகு அடைக்கும்.

தட்டின் வேகத்தையும் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றும். மோட்டார் புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரத்தின்) விட்டம் 5 செ.மீ., தட்டின் புல்லி 28 செ.மீ. என்றால் 1,440-ஐ 5-ஆல் பெருக்கி 28-ஆல் வகுக்க, 257 சுற்று. இருநூற்றைம்பதிலிருந்து முந்நூறுக்குள் இருந்தால் சரி. கரண்ட் இல்லாத நாளில் டீசல் எஞ்சினிலிருந்து நேராக பெல்ட் போட்டு ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். அதே 5 செ.மீ. புல்லியை 2,000 சுற்று ஓடும் எஞ்சினில் மாட்டினால் தட்டு 357 சுற்றுக்குப் போய்விடும். இறக்கை முறியும், தோல் கிழியும். பழியெல்லாம் ரப்பர் விரலின் மேல் விழும்.

வேலை தொடங்கும் முன்

மெயினை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, தட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் உரசாமல், கரகரவென்ற சத்தம் இல்லாமல் சுற்ற வேண்டும். விரல்களை எண்ணுங்கள். எண்ணிக்கை நோட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இது வெட்டி வேலை அல்ல: அறுந்த ரப்பர்த் துண்டு யாரோ ஒருவர் வாங்கிப்போன கோழிக்குள் இருக்கலாம். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் துண்டைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே கோழியைக் கொடுங்கள்.

பெல்ட்டை இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். புல்லிகளின் நடு 40 செ.மீ. தள்ளியிருந்தால் ஆறேழு மில்லிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால், கோழி விழுந்ததும் பெல்ட் வழுக்கி ரப்பர் கருகும் வாடை வரும். அமுங்கவே இல்லையென்றால் பேரிங்குக்குக் கேடு. புதுப் பெல்ட் முதல் ஒரு மணி நேர ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும். நிறுத்தி மறுபடி இழுத்துக்கட்ட வேண்டும்.

உடுப்பையும் பாருங்கள். கைலி கட்டிக்கொண்டு பெல்ட் பக்கம் நிற்கவே கூடாது. நம் ஊரில் ஆணும் பெண்ணும் கட்டுவது கைலிதான். அதன் மடிப்பு புல்லியில் மாட்டினால் இழுத்து அவிழ்ப்பதற்கு நேரமிருக்காது. பெல்ட்டுக்கு மூடி இல்லாத மெஷின் என்றால் தகரத்தில் ஒன்று அடித்து மாட்டிய பிறகு ஓட்டுங்கள்.

மெஷின் மேல் போடும் பழி பாதி வெந்நீருடையது

"இறகு சரியாக வரவில்லை, புது விரல் வாங்க வேண்டும்" என்று முடிவுகட்டும் முன் தெர்மாமீட்டரை வாங்குங்கள். உமி அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்து, கைவிரலை விட்டுப் பார்த்துச் சூடு சொல்வது நாள்பட்ட கைக்கே சில நேரம் தவறும். பிராய்லர் கோழிக்கு 62 முதல் 64 டிகிரி, 45 முதல் 60 வினாடி. வயதான முட்டைக் கோழிக்கும் நாட்டுக் கோழிக்கும் 65 டிகிரி வரை போகலாம். இன்னும் 20, 30 வினாடி கூட்டலாம். வாத்தின் இறகில் எண்ணெய்ப் பசை உண்டு, தண்ணீர் உள்ளே இறங்காது. பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, 65-லிருந்து 70 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி, கையால் இறகை எதிர்த்திசையில் கலைத்துவிட வேண்டும்.

வெந்நீரில் முக்கி எடுத்த கோழியின் இறக்கைப் பெரிய இறகு ஒன்றை இழுத்தால் வெண்ணெயில் கத்தி போல வர வேண்டும். காலின் மஞ்சள் தோலைத் தேய்த்தால் கழன்று வர வேண்டும். இரண்டும் ஆனால் உடனே டிரம்முக்கு. இரண்டும் ஆகாத கோழியை மெஷினில் போட்டால் விரல் தேயும், கோழி அடிபடும், இறகு நிற்கும்.

தோல் கிழிந்து வந்தால் தண்ணீர் சூடு அதிகம், அல்லது நேரம் அதிகம். மார்பில் தோல் வெந்தது போல வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இறகு திட்டுத்திட்டாக நின்றால் கோழி மிதந்து, அந்த இடம் மட்டும் நனையாமல் போயிருக்கிறது; குச்சியால் அமுக்கிப் பிடித்து அசைக்க வேண்டும். எல்லாக் கோழியிலும் வால் பக்கமும் கால் பக்கமும் மட்டும் நின்றால், அப்போது தட்டு விரல்களைப் பாருங்கள். முதலில் தேய்வது அவைதான்.

ஓட்டும் முறை

தட்டு சுழலத் தொடங்கிய பிறகே கோழியைப் போடுங்கள். கோழியை அடுக்கிவிட்டு ஸ்விட்ச் போட்டால் மோட்டார் முழுப் பாரத்தோடு எழ வேண்டியிருக்கும். கண்டென்சர் சீக்கிரம் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். 60 செ.மீ. டிரம்மில் ஒரு வீசை (சுமார் 1.6 கிலோ) எடையுள்ள கோழி மூன்று நான்கு போடலாம். 50 செ.மீ. என்றால் இரண்டு. ஒன்றே ஒன்றைப் போட்டால் அது தட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றையொன்று உருட்டிவிட இன்னொன்று வேண்டும்.

ஹோஸ் தண்ணீர் ஓட்டம் முழுக்க விழுந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர்தான் இறகை இடைவெளி வழியாகக் கீழே தள்ளுகிறது, விரலுக்கும் தோலுக்கும் நடுவில் வழவழப்பைத் தருகிறது. இருபது முப்பது வினாடி போதும். நாற்பதைத் தாண்டினால் முதலில் இறக்கை நுனி சிவக்கும், பிறகு முறியும். மிச்சம் நிற்கும் நாலு இறகுக்காக இன்னொரு தடவை போடாதீர்கள், கையால் எடுத்துவிடலாம். சுழலும்போது டிரம்முக்குள் கையோ கரண்டியோ போகக் கூடாது.

ஒவ்வொரு பத்துக் கோழிக்கும் ஒருமுறை நிறுத்தி, இறகு வெளியேறும் வாயைப் பார்க்கவும். அங்கே அடைத்தால் தட்டின் அடியில் இறகு சேர்ந்து அச்சைச் சுற்றும். மோட்டார் ஊமையாக உறுமத் தொடங்கும்.

நோயுற்றதாகவோ காரணம் தெரியாமல் செத்ததாகவோ இருக்கும் கோழி இந்த மெஷினுக்குள் போகவே கூடாது. பர்மாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலில் தெரியவந்தது 2006 மார்ச்சில், மாண்டலே பக்கத்தில். டிரம் மெஷின் தண்ணீரையும் சாற்றையும் மூக்கு மட்டத்துக்குத் தூற்றுகிறது என்பதை நினைவில் வையுங்கள். நல்ல கோழிக்கும் கூட முகத்தில் ஒரு துணி கட்டிக்கொள்வது நல்லது.

கடைசிக் கோழிக்குப் பிறகு

பிளக்கை உருவுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. மோட்டாரையும் ஸ்விட்ச் பெட்டியையும் ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள்.

முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் ஊற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சூட்டில் ரத்தம் முட்டை வெள்ளை போல உறைந்து, விரல்களின் வரிப்பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை தேய்த்தாலும் போகாது. பச்சைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியும் ரத்தமும் இறகும் போன பிறகு, கை பொறுக்கும் சுடுதண்ணீரில் பாத்திர சோப்பைக் கரைத்து, நீள நார் பிரஷால் ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை தேயுங்கள். கொழுப்பு இதில்தான் போகும். கம்பி பிரஷ் வேண்டாம், அது ரப்பரில் கீறல் போடும். கீறலில் கிருமி குடியிருக்கும்.

தட்டின் அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. வேலை நாள் நான்குக்கு ஒருமுறையாவது நடு போல்ட்டைக் கழற்றித் தட்டைத் தூக்குங்கள். அச்சைச் சுற்றி கயிறு திரித்தது போல இறகு இறுகியிருக்கும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். பிடித்து இழுத்தால் அது பேரிங்கின் சீலுக்குள் இன்னும் போய்விடும்.

சோப்பை அலசியபின் ப்ளீச் தண்ணீர். கடையில் விற்கும் 5 சதவீத ப்ளீச்சில் 40 மில்லியைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்தால் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) குளோரின் கிடைக்கும். ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலசிவிடுங்கள். கூட ஊற்றினால் கூடச் சுத்தமாகும் என்பது தவறு: ப்ளீச் தங்கினால் ரப்பர் வெடிக்கும், எவர்சில்வரிலும் புள்ளிப்புள்ளியாய்த் துரு வரும். அழுக்கின் மேலேயே ஊற்றுவதும் வீண், அழுக்கு அதன் வீரியத்தைத் தின்றுவிடும். வினிகர், எலுமிச்சை, கக்கூஸ் கழுவும் ஆசிட் எதனோடும் ப்ளீச்சைக் கலக்காதீர்கள். வரும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கும்.

பையை எடுத்துவிட்டு, காலியாக இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். சுழற்சியில் தண்ணீர் தெறித்துப் போகும். பிறகு நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான், ஆனால் வெயிலும் ரப்பரைக் கெடுக்கும்.

விரல் மாற்றுவது

விரலை இரண்டாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அதன் நாள் முடிந்தது. வரிகள் மழுங்கி வழவழப்பானாலும், கொழுப்பு ஊறி உப்பிப் பிசுபிசுத்தாலும் மாற்ற வேண்டியதுதான். மொத்தமாக மாற்றத் தேவையில்லை. தட்டிலும் டிரம்மின் கீழ் இரண்டு வரிசையிலும் உள்ளவை மேல் வரிசைக்கு முன்பே தேயும். கையில் காசு குறைவென்றால் புதியதைக் கீழே போட்டு, கீழே இருந்ததில் நல்லதை மேலே ஏற்றலாம்.

கடைக்குப் பழைய விரல் ஒன்றை எடுத்துப்போங்கள். நீளம் ஒத்துப்போனால் போதாது. கழுத்தில் உள்ள பள்ளத்தின் அகலம் உங்கள் தகட்டின் கனத்தோடு பொருந்த வேண்டும். தடித்த பிளாஸ்டிக் டிரம்முக்கான விரலை மெல்லிய தகட்டில் மாட்டினால் ஆடி ஆடி ஓட்டையின் விளிம்பில் அறுபடும்.

மாட்டும் முன் விரல்களைச் சோப்புச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். இளகும். டிரம்முக்கு வெளியிலிருந்து நுனியை உள்ளே விட்டு, உள்ளேயிருந்து ஒருவர் திருகித் திருகி இழுக்க, பள்ளம் தகட்டில் 'டப்' என்று உட்காரும். சுற்றிலும் பள்ளம் முழுதாக உட்கார்ந்ததா என்று கைவிரலால் தடவிப் பாருங்கள். சமையல் எண்ணெயோ கிரீஸோ தடவி மாட்டினால் அன்றைக்குச் சுலபம், ஆனால் அந்த எண்ணெயே ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். ஓட்டை விளிம்பில் பிசிறு இருந்தால் நுண் அரத்தால் தேய்த்துவிடுங்கள். ஒரே ஓட்டையில் அடிக்கடி விரல் அறுந்தால் காரணம் அந்தப் பிசிறுதான்.

பேரிங், புல்லி

ஈரத்தில் வேலை செய்யும் பேரிங்குக்கு கிரீஸின் முதல் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. 2ஆம் எண் லித்தியம் கிரீஸ், முடிந்தால் உணவு மெஷினுக்கான வகை. மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு முறை, கிரீஸ் கன்னால் ஓரிரு அழுத்து. சீல் ஓரத்தில் மெல்லிய கோடாக கிரீஸ் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் திணித்தால் சீல் பிதுங்கி, அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே போகும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

தட்டின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 'லொடக்' என்று ஆடினாலோ, காலியாக ஓடும்போதே உருளைக்கல் உருள்வது போலச் சத்தம் வந்தாலோ பேரிங்கை மாற்றுங்கள். இரண்டில் ஒன்று போனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கழற்றும் பாடு ஒன்றுதான். புல்லியை அச்சில் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவையும் எல்-கீயால் மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அது தளர்ந்தால் மோட்டார் சுற்றும், தட்டு சுற்றாது. வாங்கியவர் பதறிப்போய் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடுவார்.

மின்சாரம்

ஈரத் தரை, ஈரக் கை, இரும்பு மெஷின். எர்த் இல்லாமல் இதை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பழைய மரவீடுகளில் இரண்டு கம்பி மட்டும்தான் வந்திருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து, ஈரமான இடத்தில் ஆறடி செம்புப் பூச்சுக் கம்பியை அடித்து, மெஷினின் சட்டத்துக்கு எர்த் இழுங்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் லீக்கேஜ் பிரேக்கரும் போடுங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் 'டக்' என்று விழ வேண்டும். ஜெனரேட்டரில் ஓட்டுவீர்களானால், பிரேக்கர் அங்கேயும் விழும்படி நியூட்ரலை எர்த்தோடு சேர்த்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் பிரேக்கர் இருந்தும் இல்லாத கணக்கு.

மோட்டார் எழும்போது ஓடுவதைப்போல் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். 1.5 கிலோவாட் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் எழுத்துக்கணக்கில் போதும் போலத் தெரியும். உண்மையில் ஐந்து கே.வி.ஏ.வாவது வேண்டும். தாழ்ந்த வோல்ட்டேஜும் அதே தொல்லைதான். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் திருகுவிசை அறுபது சதவீதத்துக்கு இறங்கிவிடும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் மெஷினைப் போடாமல், விடிகாலையில் வேலையை முடிப்பது புத்திசாலித்தனம்.

ஸ்விட்ச் போட்டதும் 'ம்ம்' என்று உறுமி, சுற்றவில்லையா? இரண்டு வினாடிக்கு மேல் விடாதீர்கள், உடனே அணையுங்கள். பிளக்கை உருவிவிட்டுத் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் இறகு அடைப்பு அல்லது பேரிங். இலேசாகச் சுற்றினால் வோல்ட்டேஜைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் கண்டென்சர். உப்பியிருக்கும், அல்லது அடியில் எண்ணெய் கசிந்திருக்கும். புதியது நோட்டில் எழுதிய அதே மைக்ரோஃபாரட் அளவில் இருக்க வேண்டும். வோல்ட் கூட இருக்கலாம், குறையக் கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். பழகாத கை அதைத் தொட வேண்டாம்.

நாள்பட்டு நிறுத்தி வைக்கும்போது

மழைக்காலத்தில் கோழி அறுப்பு குறையும் வீடுகளில் மெஷின் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். கழுவிக் காயவைத்த பின் பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் புல்லியின் வளைவிலேயே அது விறைத்துப்போகும். பேரிங்குக்குப் புது கிரீஸ் ஏற்றுங்கள். தரையில் வைக்காமல் இரண்டு மரக்கட்டை மேல் தூக்கிவைத்து, காற்றுப் போகும் சாக்கால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். எலிக்கு ரப்பர் விரலும் பிடிக்கும், ஒயரும் பிடிக்கும். கோழித் தீவன மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டையும் சேர்த்துத் தின்னும். ஸ்விட்ச் பெட்டியில் ஒயர் நுழையும் ஓட்டையைப் புட்டியால் அடையுங்கள். பல்லியும் எறும்பும் போய் முட்டையிடுவது அங்கேதான்.

உதிரியாக இருபது விரல், ஒரு பெல்ட், ஒரு ஜோடி பேரிங், ஒரு கண்டென்சர் கையிருப்பில் இருக்கட்டும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முதல்நாள் இந்த நான்கில் ஒன்று போனால், அன்றைக்குக் கடையும் திறந்திருக்காது.

மறுபடி எடுக்கும்போது பிளக் போடும் முன் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்த்து, தட்டைக் கையால் சுற்றி, பெல்ட்டை இழுத்துக்கட்டி, ப்ளீச் கழுவலை ஒருமுறை செய்து, காலியாக ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பேரிங் வீட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி, வைத்த கையை எடுக்கும்படி சுட்டால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. பிறகு இரண்டே கோழியைப் போட்டுப் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு வெந்நீர் வையுங்கள்.